பர்வாலேது, மேடம்

தெலுங்கில் "பர்வாலேது" என்றால் நம்முடைய "பரவாயில்லை"தான். 2000-ஆம் ஆண்டு எம்.சி.ஏ. முடித்துவிட்டு, ஒரு சூட்கேஸும் அம்மா இடித்துக் கொடுத்த பருப்புப்பொடியுமாகத் திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் வந்து இறங்கியபோது, யாரும் சொல்லித்தராமலே எனக்குப் புரிந்த முதல் தெலுங்குச் சொல் அது. அந்தச் சொல்லை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டிடம் புதுசு. 1998 நவம்பரில் வாஜ்பாய் வந்து திறந்துவைத்தது. அதைத் தாண்டினால் பாறையும் முள்ளும்தான். அமீர்பேட்டில் மைத்ரிவனத்தைச் சுற்றி மாடிக்கு மாடி கோர்ஸ் போர்டுகள் தொங்கும். அங்கே மூன்று மாதம் படித்துவிட்டு, பஸ் பிடித்து ஹைடெக் சிட்டிக்கு இன்டர்வியூவுக்குப் போவோம். ஒரு அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் ப்ராஜெக்டில் எனக்கு வேலை கிடைத்தது. கம்பெனி இரண்டு முறை கைமாறியது, நானும் நடுவில் வேறு வேலைகள் பார்த்துத் திரும்பினேன். அந்த க்ளெய்ம் சிஸ்டத்தோடு மட்டும் உறவு இன்னும் விடவில்லை.

எங்கள் முதல் ப்ராஜெக்ட் மேனேஜர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ராத்திரி ஏழரை மணிக்கு ஃப்ளோரை ஒரு சுற்று வருவார், அவ்வளவுதான். யார் இருக்கிறார், யார் இல்லை என்பது அந்தச் சுற்றில் தெரியும். அப்ரைசலில் அது பேசும். அதனால் எல்லோரும் ஏசிக்கென்று வாங்கிய ஸ்வெட்டரை நாற்காலியிலேயே மாட்டிவைக்கப் பழகினோம். மானிட்டர் எரிந்து, நாற்காலியில் ஸ்வெட்டரும் தொங்கினால் ஆள் கேன்டீன் போயிருக்கிறார் என்று கணக்கு. உண்மையில் அவர் குகட்பள்ளி ஹாஸ்டலில் தட்டைக் கழுவிக்கொண்டிருப்பார். நானும் மாட்டியிருக்கிறேன். சாம்பல் நிறம், கை நீளம்.

2005-இல் டீம் லீட் ஆனேன். அதோடு இரவு கேப் பட்டியல் போடும் வேலையும் வந்தது. ரிலீஸ் நெருங்கினால் பத்து, பதினொன்று ஆகும். யாரை எந்த வண்டியில், எந்த வரிசையில் இறக்குவது என்று ஒரு தாளில் எழுதி டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அந்த வருடம் டிசம்பரில் பெங்களூரில் ஒரு கால் சென்டர் பெண், அலுவலக வண்டி என்று நம்பி ஏறிக் கொல்லப்பட்டார். அந்தச் செய்திக்குப் பிறகு எங்கள் பட்டியலிலும் விதிகள் ஏறின. கடைசி ட்ராப் பெண்ணாக இருக்கக்கூடாது. வேறு வழியில்லை என்றால் செக்யூரிட்டி கூடவே போக வேண்டும். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் போன் வர வேண்டும். அதுவரை நான் தூங்கக்கூடாது. பல வருடம் நானே கடைசி ட்ராப்பாக இருந்தவள். மியாப்பூர் தாண்டியபின் வண்டிக்குள் வரும் அமைதி எனக்குத் தெரியும். அதனால் அந்த வேலையை யாரிடமும் தள்ளிவிடவில்லை.

ஆட்களைப் படிக்க நான் கற்றுக்கொண்டது அந்தத் தாளில்தான். தில்சுக்நகர்ப் பெண் ஒருத்திக்கு ஹாஸ்டல் கேட் பத்தரைக்கு மூடும், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு "தலைவலி" என்று சீக்கிரம் கிளம்புவாள். ஒருவர் திடீரென்று மியாப்பூருக்குப் பதிலாக ஆல்வாலில் இறக்கச் சொன்னார். ஆல்வால் அவர் மாமனார் வீடு. மனைவியை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார். அவர் வாயால் சொல்வதற்கு ஆறு வாரம் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மார்ச் மாத ரிலீஸ் வார இறுதியில் அவர் பெயரைப் போடாமல் விட்டேன். ட்ராப் முகவரி மாறினால் வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது. எந்த அப்ரைசல் படிவத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது.

சில வருடங்களில் பட்டியல் அட்மின் கைக்குப் போனது. பிறகு ஒரு ஆப்புக்குப் போனது. பாதுகாப்புக்கு அது நல்லதுதான், வண்டி எங்கே நிற்கிறது என்று போனிலேயே தெரியும். ஆனால் ஆல்வால் என்ற பெயர் என் கண்ணில் படுவது நின்றுபோனது. எதை இழந்தேன் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

2009 ஜனவரி 7-ஐ இந்த ஊர் ஐடிக்காரர் யாரும் மறக்க மாட்டார்கள். சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகளை ஊதிக்காட்டியதை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதம் வெளியான நாள். ஏறத்தாழ 53,000 பேர் வேலை பார்த்த நிறுவனம். நாங்கள் வேறு கம்பெனி, ஆனாலும் அன்று மத்தியானம் எங்கள் ஃப்ளோரில் யாரும் கீபோர்டைத் தொடவில்லை. ஊர்களிலிருந்து அப்பா அம்மாக்களின் போன் வந்துகொண்டே இருந்தது. ஏப்ரலில் டெக் மஹிந்திரா அந்த நிறுவனத்தை எடுத்துக்கொள்ளும் வரை ஊர் முழுக்க அதே பேச்சு. அதுவரை என்னிடம் டீம் கேட்ட கேள்வி "ஆன்சைட் எப்போ மேடம்?" என்பதுதான். அதன்பிறகு "நம்ம கம்பெனி கணக்கு சரியா இருக்கா மேடம்?" என்று கேட்டார்கள். அதற்கு மெயில் போட்டுப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து இருபது நிமிடம் பேசினேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். இருபது நிமிடம் தனியாகப் பேசும் அந்தப் பழக்கம் பயத்தில் பிறந்து, இன்றுவரை என்னோடு இருக்கிறது.

அஜைல் வந்தது, ஸ்டாண்டப் வந்தது, சுவரெல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினோம். மைக்ரோசாஃப்ட் 2013-இல் ஊழியர்களை வளைகோட்டில் தரம் பிரிப்பதை விட்டது, இரண்டு மூன்று வருடத்தில் இங்கேயும் பல கம்பெனிகள் விட்டன. பத்துப் பேரில் ஒருவரைக் கட்டாயம் கடைசியில் வைக்க வேண்டும் என்ற அந்த முறையில் நான் மூன்று முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்று பேரின் முகமும் நினைவிருக்கிறது. அது ஒழிந்தது நல்லது.

ஒரு கணக்கு சொல்கிறேன். என் டீமில் பன்னிரண்டு பேர். இரண்டிரண்டு பேராகச் சேர்த்துப் பார்த்தால் 66 ஜோடி. பிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதிய மென்பொருள் நிர்வாகப் புத்தகத்தில் இதைத்தான் விளக்கினார்: ஆள் கூடக்கூட இந்த ஜோடிகள் அதைவிட வேகமாகக் கூடும், தாமதமான ப்ராஜெக்டில் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். அலுவலகத்தில் இந்த 66 பேச்சும் தானாக நடந்துகொண்டிருந்தன. இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்க வரிசையில் நிற்கும்போது டேட்டாபேஸ்காரரும் டெஸ்டிங் பெண்ணும் பேசிக்கொள்வார்கள், ஒரு பிழை அங்கேயே சாகும். அதை நான் ஏற்பாடு செய்ததாக எந்த ரிப்போர்ட்டிலும் எழுதியதில்லை. நடக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

2020 மார்ச்சில் அந்த 66-ம் ஒரே வாரத்தில் அறுந்தன. எங்களுடையது பூட்டிய ஓடிசி, ஒரே க்ளையன்டுக்கென்று ஒதுக்கிய கூடம். தனி ஆக்சஸ் கார்டு, உள்ளே செல்போன் கூடாது, க்ளையன்ட் தரவு அந்தச் சுவரைத் தாண்டக்கூடாது. 22-ஆம் தேதி மக்கள் ஊரடங்கு. அன்று மாலையே தெலங்கானா முழு அடைப்பை அறிவித்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்க க்ளையன்டிடம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுமதி மெயில் வாங்க வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கான தொலைத்தொடர்பு விதிகளை மத்திய அரசும் அந்த மாதம் தளர்த்தியது. டெஸ்க்டாப் சிபியூக்களை டெம்போவில் ஏற்றி ஹாஸ்டல் ஹாஸ்டலாக இறக்கினோம். ஒரு பெண் கம்மம் பக்கத்துக் கிராமத்தில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் டாங்கிளோடு உட்கார்ந்தாள்.

எனக்குப் பயம். பார்க்க முடியாததால் பயம். ஒரு நாளைக்கு மூன்று ஸ்டேட்டஸ் கால் வைத்தேன். பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி ஏழரைக்கு ஃப்ளோரைச் சுற்றிய என் பழைய மேனேஜர் செய்ததைத்தான் நானும் செய்தேன்.

2021 மே மாதம். இரண்டாவது அலை. எங்கள் டீமில் வாரங்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி. இருபத்தேழு வயது, அதிர்ந்து பேச மாட்டார், க்ளெய்ம் கணக்கிடும் பகுதி முழுக்க அவர் கையில். காலை ஒன்பதே கால் ஸ்டாண்டப்பில் அவர் முறை வரும்போது நான் கேட்பேன்: "எல்லாம் ஓகேவா தம்பி?" பதில்: "பர்வாலேது, மேடம்." வீடியோ கிடையாது. எல்லோரும் அணைத்துத்தான் வைத்திருப்பார்கள், இன்டர்நெட் தாங்காது. பதினோரு நாள் இப்படிப் போனது. அவர் டிக்கெட்டுகளில் பதிந்திருந்த நேரம் அதிகாலை 3.40, 4.15 என்று இருந்தது. பகலில் தூங்கி இரவில் வேலை பார்க்கும் பழக்கம் போல என்று நினைத்தேன். வாராந்திர மெயிலில் அவரைப் பாராட்டி இரண்டு வரி எழுதினேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எச்.ஆரிலிருந்து ஒரு மெயில் வந்தது. மருத்துவக் காப்பீட்டில் ஒரு சார்ந்தோர் பெயரை நீக்க ஒப்புதல் கேட்டு வரும் வழக்கமான மெயில். உறவுமுறை: தந்தை. நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் எடுத்தது இரண்டே நாள் லீவு. காரணக் கட்டத்தில் "சொந்த வேலை" என்று இருந்தது.

போன் செய்தேன். ரொம்ப நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. அப்புறம் அவராகச் சொன்னார். அப்பா இருந்த கோவிட் வார்டுக்குள் யாரையும் விடவில்லை. கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் ஒரு பிளக் கொடுத்தார், ராத்திரி பெஞ்சையும் உள்ளே எடுக்காமல் விட்டார். அங்கே உட்கார்ந்துதான் பதினோரு நாளும் வேலை பார்த்திருக்கிறார்.

"ஏன் தம்பி சொல்லல?"

"சொன்னா நீங்க லீவு கொடுத்திருப்பீங்க மேடம். ரிலீஸை யாரு பார்க்கறது? அந்த மாட்யூல் வேற யாருக்கும் தெரியாதே." கொஞ்சம் நிறுத்தி, "வேலை இருந்ததாலதான் அங்க உட்கார முடிஞ்சது. இல்லேன்னா என்னால உட்கார்ந்திருக்க முடியாது" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனையோ முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். வேலை அவருக்கு ஒரு பிடிமானமாக இருந்தது உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் சொன்னதுதான் என் கணக்கில் ஏறும். அந்த மாட்யூல் வேறு யாருக்கும் தெரியாது. அப்படி விட்டுவைத்தது நான். சொல்லியிருந்தாலும் அவரை வேலையிலிருந்து விடுவிக்க என்னிடம் மாற்று ஆள் இல்லை, அது அவருக்குத் தெரியும். அப்புறம் "பர்வாலேது" என்பதைத் தவிர அவர் வேறென்ன சொல்வார்?

அந்த வாரமே மூன்று காலில் இரண்டை நிறுத்தினேன். "ஓகேவா?" என்று கேட்பதையும் விட்டேன். பரவாயில்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்விகளாகத் தேடிப் பிடித்தேன். "இன்னைக்கு எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கறீங்க?" "வீட்டில யார் யார் இருக்கீங்க, சமையல் யாரு?" இப்படிக் கேட்டால் ஆள் உண்மையைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் யோசித்துப் பொய் சொல்ல வேண்டும். யோசிக்கும் அந்த இரண்டு நொடியே எனக்குப் போதும். முதல் நாளே ஒரு பெண் சொன்னாள், சமையலறையில் கேஸ் சிலிண்டர் மேல் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று. ஒரு வருடத்துக்கு மேலாக அப்படித்தானாம். கம்பெனியில் மேசை நாற்காலி வாங்கப் பணம் ஒதுக்கியிருந்தார்கள், அவள் கேட்கவே இல்லை.

கேட்டால் மட்டும் போதாது. பதில் வந்தால் செய்வதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு மாட்யூலுக்கும் இரண்டு பேர், யாரும் ஒரு மணி நேரத்தில் கழன்றுகொள்ளலாம் என்று டீமை மாற்றி அமைக்கப் பார்த்தேன். பில்லிங் இல்லாத ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று டெலிவரி தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு பேர் கேட்டேன், ஒருவர் கிடைத்தார். மீதியை ஜோடி போட்டு ஈடுகட்டினோம். வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொருவரும் தன் ஜோடியின் வேலையைச் செய்ய வேண்டும். முதல் இரண்டு மாதம் வேகம் குறைந்தது. க்ளையன்ட் எஸ்கலேஷன் ஒன்றும் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் அது காப்பாற்றியது. 2022-இன் முதல் நான்கு மாதத்தில் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் பேப்பர் போட்டார்கள். எங்கள் டீம் மட்டுமல்ல, அந்த ஜனவரி முதல் மார்ச் வரையான கணக்கில் இன்ஃபோசிஸ் சொன்ன விலகல் விகிதம் 27.7 சதவீதம், டிசிஎஸ் 17.4. தொண்ணூறு நாள் நோட்டீஸ் என்பது ப்ராஜெக்டைக் காக்கும் என்று சொல்வார்கள். என் அனுபவத்தில் அது கெடுதல்தான் செய்கிறது. மனசால் கிளம்பிவிட்ட ஆள் மூன்று மாதம் உட்கார்ந்திருப்பார், அந்த மூன்று மாதமும் கையில் இருக்கும் ஆஃபரைக் காட்டி வேறு ஆஃபர் தேடுவார். முப்பது நாள் போதும், வேலை இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தால். அந்த ஐவரைத் தவிர இன்னொருவர், விலகாமலே வேறொரு வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அந்த வருடம் அதை விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி ஏமாற்று என்றே சொன்னார், 300 பேரை நீக்கியதாகவும் அறிவித்தார். விதிப்படி எங்கள் ஆளும் போக வேண்டியிருந்தது, போனார். தங்கை கல்யாணக் கடன். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளில் அதுவும் ஒன்று.

பிறகு எல்லோரும் திரும்ப அலுவலகத்துக்கு. டிசிஎஸ் 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாள் என்றது. எங்களுக்கு மூன்று நாள். கார்டைத் தேய்த்த கணக்கு மாதாமாதம் என் மேசைக்கு வரும், எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று. நான் அதில் பார்ப்பது அந்தச் சாம்பல் ஸ்வெட்டரைத்தான். கார்டு தேய்த்துவிட்டு வந்து, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, நாள் முழுக்கப் புனேக்காரர்களோடு காலில் இருப்பதற்கு மியாப்பூரிலிருந்து நானக்ராம்குடா வரை எதற்காக ஒரு மனிதர் வர வேண்டும்? அந்த வருடம் ஜூலை மழையில் சைபராபாத் போலீஸே ஐடி அலுவலகங்களை மூன்று கட்டமாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பச் சொன்னது, சாலை தாங்கவில்லை.

ஆனால் வரவே வேண்டாம் என்ற கட்சியும் நான் இல்லை. அந்த 66 ஜோடி எனக்கு வேண்டும். அதனால் செவ்வாயும் புதனும் எல்லோரும் வருவோம், அன்று தனியாகச் செய்யும் வேலை எதுவும் கிடையாது. எஸ்டிமேட், டிசைன் ரிவ்யூ, புதுசாகச் சேர்ந்தவரோடு உட்காருவது, இவை மட்டும். ஹெட்செட் கூடாது. மூன்றாவது நாளை அவரவர் சௌகரியத்துக்கு விட்டிருக்கிறேன். ராய்துர்கம் மெட்ரோவில் வருகிறவர்களும் அவுட்டர் ரிங் ரோட்டில் வருகிறவர்களும் அவரவர் கணக்கைப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது வந்திருப்பதை எப்படிக் கையாள்வது என்று நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். கோடு எழுதும் ஏஐ எல்லோர் கையிலும் இருக்கிறது. 2025-இல் டிசிஎஸ் பன்னிரண்டாயிரம் பேர் அளவுக்கு ஆட்குறைப்பு என்று அறிவித்ததிலிருந்து, 2009-இல் கேட்ட அதே குரலில் பேசுகிறார்கள். தனியாகப் பேசும் இருபது நிமிடங்களில் இருபது வருட அனுபவஸ்தர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். சின்னவர்களிடம் வேறு விஷயம் பார்க்கிறேன். போன ஜூலையில் ஒரு பெண் சேர்ந்தாள், நிஜாமாபாத், கெட்டிக்காரி. செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் மெஷினிடமே கேட்டுக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் பதினொரு ஜோடி பேசவில்லை.

அன்றன்றைக்கு மெஷினிடம் கேட்ட கேள்விகளை ஒரு தாளில் எழுதிவைக்கச் சொன்னேன். கணக்கெடுப்பதற்கு இல்லை, செவ்வாய்க்கிழமை சேர்ந்து படிப்பதற்கு என்று சொல்லித்தான் கேட்டேன். முதல் வாரம் ஒன்பது கேள்வி. எட்டுக்கு மெஷின் சரியாகத்தான் சொல்லியிருந்தது. ஒன்பதாவது: ஒரு வகை க்ளெய்மில் மட்டும் நாட்களை எண்ணும்போது 31 என்று ஏன் நேரடியாக எழுதியிருக்கிறது? அது பிழை, மாற்றிவிடலாம் என்று மெஷின் சொல்லியிருந்தது. அவள் மாற்றவில்லை, அடியில் கோடு போட்டு வைத்திருந்தாள்.

அது பிழை இல்லை. பழைய பாலிசிகளுக்காக க்ளையன்ட் கேட்டு வாங்கிய விதி. எந்த ஆவணத்திலும் கிடையாது. அது தெரிந்தவர்கள் டீமில் இரண்டே பேர். ஒருவர் நான். நான் சொல்லவில்லை. "போய் அவரைக் கேளும்மா" என்று ஜன்னலோர மேசையைக் காட்டினேன். வாரங்கல் தம்பி இப்போது டீம் லீட். அவர் எழுந்து வெள்ளைப் பலகையில் பாதியை அழித்துவிட்டு மார்க்கரை எடுத்தார். முதலில் அவளிடம் கேட்டது, "இன்னைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்? ஹாஸ்டலா, வீடா?" என்று.

"பர்வாலேது சார்" என்றாள்.

மார்க்கரைக் கையில் பிடித்தபடியே நின்றார். "எத்தனை மணிக்கு?" என்று மறுபடி கேட்டார்.